பத்து மணிக்கே அடுப்பேறிய நெய்மீன்

வாழையிலையின் நடுவில் ஒரு துண்டம் பொரித்த நெய்மீன். உள்ளங்கையை விடப் பெரியது, விரல் தடிமன், ஓரமெல்லாம் மிளகாய்ச் சிவப்பு, நடுவில் வட்டமாக ஒரு முள். அதன் முன்னால் என் மாமனார் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார். சோறு வந்துவிட்டது, குழம்பு வந்துவிட்டது, பரிமாறுகிறவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இவர் அந்தத் துண்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐம்பதுகளின் கடைசியில், கோயமுத்தூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மலையாளத்து மிலிட்டரி ஓட்டலின் வாசலில் நின்று நான் கண்ட காட்சி இது. இன்றைக்கும் என் பிள்ளைகள் என்னைக் குளுகுளு ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறார்கள். எலுமிச்சம்பழமும் வெங்காயமும் சுற்றி அடுக்கி மீன் வருகிறது. நல்ல மீன்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் மீனைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளை அங்கே எந்த மேஜையிலும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள்.

மலைத்து உட்கார்கிற மனிதர் இல்லை அவர், அதுதான் விசேஷம். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். மலையடிவாரத் தோப்பு. கையிறுக்கத்துக்குப் பேர்போனவர். வேட்டி கிழிந்தால் துண்டாகும், துண்டு கிழிந்தால் வண்டி துடைக்கிற துணியாகும், அதுவும் கிழிந்தால் விளக்குத் திரியாகும். பொங்கலுக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போனால் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். தோப்பில் விழுந்த மட்டையைக்கூட எண்ணி வைத்திருப்பார் என்று என் மைத்துனனே சொல்லிச் சிரிப்பான். இப்படிப்பட்ட ஆள், நாலு பேர் வயிறாரச் சாப்பிடுகிற காசைக் கொடுத்து ஒரு துண்டம் மீனை வாங்கி வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் மருமகன் என்னதான் நினைப்பான்? எனக்கு முதலில் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் தோன்றியது.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். போகத் தயங்கினேன். காரணம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சங்கடம். அதைச் சொல்லிவிட்டால்தான் மேலே சொல்ல முடியும். நான் துடியலூர்க்காரன். பெண் கேட்டுப் போனபோது எனக்கு மூன்று ஏக்கர் பூமி உண்டு, கிணறு உண்டு, பண்ணையம் பார்க்கிற பையன் என்று சொல்லித்தான் கேட்டார்கள். அவரும் அந்த மண்ணை நேரில் வந்து பார்த்து, குனிந்து ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணமான மறு வருஷம் நான் அந்த மூன்று ஏக்கரையும் விற்று, கணபதியில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, அதை ஒட்டிய வீட்டிலேயே குடியேறி, இரும்பு கடைகிற லேத்து ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். ஊரெல்லாம் கிணற்றுக்கு மோட்டார் வைக்க ஆரம்பித்திருந்த காலம். பம்பு சாமான் கடைந்து கொடுத்தால் நாலு காசு பார்க்கலாம் என்று எனக்கு ஒரே வெறி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை என்பதையும் இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

சேதி எட்டிய மறுநாளே வந்து கொட்டகை வாசலில் நின்றார். எங்கள் பக்கத்தில் திட்டினாலும் மரியாதை போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் வலி குறையும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, கூடத்தான் செய்யும்.

“ஏனுங்க மாப்ள, பூமிய வித்துப்போட்டீங்களாமா? நெசந்தானுங்களா?”

“ஆமாங்க மாமா.”

“செரீங்க. மண்ண வித்தவங்க ஊட்டுல எனக்குச் சோறு எறங்காதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. என் மனைவி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு ஒரேயடியாக வராமல் இருந்திருந்தாலாவது நிம்மதி. அவர் வந்தார். வாராவாரம் சனிக்கிழமை டவுனுக்குத் தேங்காய் வண்டி கொண்டுவருவார். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கணபதிக்கு வந்து எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவார். மகளுக்கென்று பத்துத் தேங்காய், ஒரு கட்டு முருங்கை, ஒரு பூசணி என்று ஏதாவது இறக்கி வைப்பார். கொட்டகைக்கு வெளியே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தலைவலி போச்சா கண்ணு, பால்காரன் ஒழுங்கா ஊத்தறானா என்று மகளிடம் அரைமணி நேரம் பேசுவார். என்னிடமும் மழை, மாடு எல்லாம் பேசுவார். தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டார். என் மனைவி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே நிற்பாள். வாரப்பவே குடிச்சுப்போட்டேன் கண்ணு என்பார். போகும்போது தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பது எங்கள் வாசலில் இருந்து நன்றாகத் தெரியும்.

பெற்றவன் கை நனைக்காத வீடு என்று பேர் வாங்குவது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குப் புரிவது கஷ்டம். எனக்கே புரியவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்காமலே கேட்பார்கள். உங்கப்பா வந்தாரே, சாப்பிட்டாரா அம்மணி என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். சனிக்கிழமை தோறும் இவள் ஒரு படி அரிசி கூடவே போட்டுச் சமைப்பாள். சாயங்காலம் அந்தச் சோறு பக்கத்து வீட்டு எருமைக்குப் போகும். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. நான் லேத்தின் முன்னால் குனிந்து நின்று கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன். பெரிய தப்பு அது.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை, பார்சலில் வந்த பேரிங்கை எடுக்க ரயிலடிக்குப் போனவன் அவரை அந்த ஓட்டலில் பார்த்தேன். வாசலிலேயே நின்றேன். சிறிது நேரம் கழித்து அவர் கை எழுந்தது. துண்டத்தின் நடுமுள்ளை ஒட்டிக் கட்டைவிரலால் மெல்ல ஒரு அழுத்து அழுத்தினார். வெள்ளைச் சதை தானாக ஏடு ஏடாகப் பிரிந்தது. ஒரு ஏட்டை எடுத்து, சோற்றில் புரட்டாமல், குழம்பில் தோய்க்காமல், அப்படியே வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மட்டை எண்ணுகிற மனிதரின் முகம் அப்போது சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. சந்நிதியில் கூட அவர் அப்படிக் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. கடைசியில் இலையில் ஒரே ஒரு முள் கிடந்தது, கழுவி வைத்த மாதிரி.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடவா முடியும்? வாங்க மாப்ள என்று எதிர் பெஞ்சைக் காட்டினார். என்னைக் கேட்காமலே எனக்கொரு இலை போடச் சொல்லி, பெரிய துண்டமாப் பாத்து வையுங்க என்றார். நான் அதுவரை கடல்மீன் தின்றதில்லை. குளத்துக் கெண்டையும் கெளுத்தியும் பையனாக இருந்தபோது தின்றிருக்கிறேன். முள்ளுக்குப் பயந்து தின்பதற்குள் பசியே போய்விடும். எங்கள் வீட்டில் விசேஷமென்றால் வெள்ளாட்டுக்கறி, சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்தால் கோழி. விருந்தாளிக்கு மீன் வைத்தால் அவமானப்படுத்துவதாக நினைக்கிற ஊர் அது. ஆகவே சம்பிரதாயத்துக்கு ஒரு வாய் பிய்த்துப் போட்டேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! மேலே மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே வெண்ணெயாக இறங்கியது. தேங்காயெண்ணெய் வாசனைக்குக் கீழே, நான் பார்த்தேயிராத கடலின் உப்பு இருந்தது. இருநூறு மைலுக்குள் இப்படி ஒரு சங்கதி இருக்க, இருபத்தாறு வருஷம் அதைத் தெரியாமல் வாழ்ந்தேனே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பரம திருப்தி.

அந்தச் சந்தோஷத்தில் துணிந்து சொன்னேன். மாமா, இதே மாதிரி ஊட்டுல வந்து ஒரு நாள் சாப்பிடக் கூடாதுங்களா என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சாந்தமாகப் பதில் சொன்னார்.

“இந்த ஓட்டல்காரரு யாரு மண்ணையும் விக்கலீங்களே மாப்ள.”

அதன் பிறகு இது ஒரு வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ரயிலடியில் ஏதாவது வேலை வந்துவிடும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவோம். காசு அவர்தான் கொடுப்பார், என்னைக் கொடுக்கவிட்டதில்லை. ஓட்டல்காரர் கோழிக்கோட்டுப் பக்கத்து முஸ்லிம், வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர். கடைக்குத் தேங்காய் போட்டவர் என் மாமனார். ஒரு நாள் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு சரக்கு இறக்கினாராம். ஓட்டல்காரர்தான் கூப்பிட்டு உட்கார வைத்துச் சுடச்சுடச் சோறும் மீனும் போட்டாராம். அன்றைக்குப் பிடித்த பித்து. ஓட்டல்காரர் இதை என்னிடம் சொல்லும்போது, உன் மாமனார் தேங்காய் விலைக்கு என்னிடம் அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பார், மீன் விலையை ஒரு நாளும் கேட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தார். மீன் அங்கே விலை அதிகம்தான். மலையாளத்து ரயிலில் விடியற்காலையில் மூங்கில் கூடைகளில் ஐஸும் மரத்தூளும் போட்டு வரும். வழியில் பாதி ஐஸ் உருகிப்போகும். கெட்டது போக நின்றதைத்தான் விற்க முடியும். ஒரு தடவை மலையிலிருந்து யானைகள் இறங்கித் தோப்பில் புகுந்து காய்க்கிற தென்னைகளை வரிசையாகச் சாய்த்துவிட்டன. அந்த வாரம் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். வழக்கத்துக்கு மாறாக இரண்டு துண்டம் சொன்னார். ஆனை திங்கறதத் தின்னுட்டுப் போயிருச்சுங்க, நாம ஏனுங்க பட்டினி கெடக்கோணும் என்றார்.

பொய் எத்தனை நாள் நிற்கும்? மீன் வாசனை கையில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. ஒரு சனிக்கிழமை என் மனைவி என் வலது கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். முழுவதும் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“எங்கப்பன் உங்ககூட உக்காந்து வாராவாரம் திங்கறாரு. எம்பட கையில ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டேங்கறாரு. பூமிய வித்தது நீங்க. நானா வித்தேன்?”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக அவள் மனசில் இருந்தது இதுதான். குற்றம் செய்தவனுக்கு நெய்மீன் விருந்து, ஒன்றுமறியாதவளுக்குத் தண்டனை. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மீனு எங்க கெடைக்கும், வாங்கிட்டு வாங்க, நான் ஆக்கிப் போடறேன், எப்படித் திங்காமப் போறாருன்னு பாக்கறேன் என்றாள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

நான் ஓட்டல்காரரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவருக்கும் பெண் மக்கள் இருந்தார்கள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை உன் மாமனார் வந்தால் இன்றைக்கு மீன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், பசியோடு அனுப்பி வைக்கிறேன், மற்றது உங்கள் பாடு என்றார். குழம்பு எப்படி வைப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். மிளகாயும் மல்லியும் எவ்வளவு, தேங்காய்ப்பால் எப்போது, புளி எவ்வளவு, கறிவேப்பிலை கடைசியிலா முதலிலா என்று எல்லாம் விவரமாகச் சொன்னார். நானும் லேத்துக்கு அளவு குறிக்கிற நோட்டில் வரி விடாமல் எழுதிக்கொண்டேன். மீன் எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கடற்கரையில் பிறந்தவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமே இல்லை. ஆட்டுக்கறி தின்று வளர்ந்த எனக்கு அது கேட்கவேண்டிய விஷயம் என்று தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்குள் சைக்கிளில் ரயிலடிக்குப் போனேன். கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடையின் மரத்தூளை விலக்கி ஒரு முழு நெய்மீனைத் தூக்கிக் காட்டினார்கள். இலையில் துண்டமாகப் பார்த்தவன் அதை முழுதாக அன்றுதான் பார்த்தேன். கையளவு நீளமா, முழ நீளமா? என் இடுப்புயரம் இருந்தது. முதுகு கருநீலம், வயிறு புது எவர்சில்வர், பக்கவாட்டில் புள்ளிபுள்ளியாகக் கோடு. செதிலே இல்லாத வழுவழு உடம்பு. இது தண்ணீருக்குள் எந்த வேகத்தில் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தபடி நின்றுவிட்டேன். கூடைக்காரன் என்னப்பா, வாங்கறியா வேடிக்கை பார்க்கறியா என்று அதட்டினான். பேரம் பேசினேன். கறிக்கடையில் பேசிய பழக்கத்தில் எலும்பு அதிகமாகப் போடாதே என்று வேறு சொன்னேன். அவன் சிரித்ததற்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. பாதி மீனுக்கே, லேத்துக்குப் புது பெல்ட் வாங்க வைத்திருந்த பணம் முழுக்கக் காலியானது. ஒட்டுப்போட்ட பெல்ட்டோடு இன்னும் நாலு மாசம் ஓட்டவேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தகர வாளியில் ஐஸ் போட்டு, மேலே சாக்கை மூடி, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கணபதி வந்துசேர்ந்தபோது பின்னால் மூன்று நாய்கள் வந்துகொண்டிருந்தன.

எங்கள் சந்தில் அந்த அளவு மீனை யாரும் பார்த்ததில்லை. பெண்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முகர்ந்துகொண்டாள். என் மனைவிக்கு அன்று தலைகால் புரியவில்லை. எங்கப்பா இன்னைக்குச் சாப்பிட வாராங்க என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். அப்படிச் சொல்லாதே, அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

மசாலா அரைத்து, புளி கரைத்து, புது மண்சட்டியில் எல்லாம் எழுதியபடி ஏற்றினாள். மணி பத்து. அப்பா ஒரு மணிக்கு வருவார், அதற்குள் நன்றாக வெந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்றாள். நியாயம்தானே? கறிக்கு மூன்று மணி நேரமாவது விறகு எரியவேண்டாமா? முற்றிய ஆடாக இருந்தால் சீக்கிரம் வேகட்டும் என்று எங்கள் ஊரில் ஒரு துண்டுக் கொட்டாங்குச்சியைச் சட்டியில் போடுவார்கள். இவ்வளவு பெரிய மீன் முற்றின மீனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவள் யோசித்து, அப்பா தோட்டத்துத் தேங்காயின் கொட்டாங்குச்சியிலேயே ஒரு துண்டு உடைத்துப் போட்டாள். அடிபிடிக்காமல் இருக்க அரைமணிக்கு ஒரு தரம் அகப்பையால் அடி வரைக்கும் கிளறிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளினேன். கொட்டகையை அன்று பூட்டியாகிவிட்டது. வாசனை தெருமுனை வரைக்கும் போனது. இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக ஒரு காலைப்பொழுதைக் கழித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பன்னிரண்டரைக்கு, வெந்துவிட்டதா பார்க்கலாம் என்று அகப்பையை விட்டு ஒரு துண்டத்தை எடுக்கப் போனாள். வரவில்லை. குழம்பு மட்டும் வந்தது. இன்னொரு தரம் விட்டாள். ஒரு முள் வந்தது. அடியில் இருக்கும், நன்றாகக் கலக்கிப் பார் என்று நான் அகப்பையை வாங்கிக் கலக்கினேன். தப்பித்தவறி இருந்த ஒன்றிரண்டு துண்டமும் அதோடு போயிற்று. சட்டி நிறைய சிவப்பாக ஒரு கூழ். நடுவில் நாங்கள் போட்ட கொட்டாங்குச்சி மட்டும் முழுசாக மிதந்துகொண்டிருந்தது. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இனிமே அவரு நம்ம ஊட்டுல திங்கமாட்டாருங்க என்றாள். எனக்கு அந்த நேரத்தில் லேத்தை விற்றுவிட்டுத் துடியலூருக்கே போய்விடலாம் போல இருந்தது. வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது.

வழக்கம் போலத் தேங்காயை இறக்கினார். மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். நான் வெளியே போய் வாங்க மாமா என்றேன். மகளைக் காணோமே என்று கேட்டார். நான் குனிந்து தேங்காய்களை ஓரமாக அடுக்கினேன். இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் தாண்டி உள்ளே போனார். இரண்டு வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். நான் பின்னாலேயே போனேன். அவள் எழுந்து சுவரோரம் நின்றாள். அவர் சட்டிக்குள் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“எப்பக் கண்ணு அடுப்புல ஏத்துன?”

“பத்து மணிக்குங்கப்பா.”

எழவுச் செய்தி கேட்டவர் போலத் தோளிலிருந்த துண்டை இறக்கினார். கறி வேக வைக்கிற மாதிரி வைத்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாங்க என்றாள். அகப்பையை எடுத்துக் கொட்டாங்குச்சியை வெளியே தூக்கிப் பார்த்தார். அவர் மீசை ஒரு தரம் துடித்தது. சிரிப்பா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. நெய்மீன் அடுப்பில் ஏறினால் வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் என்றார். அவ்வளவுதான், அவளுக்கு அழுகை உடைந்துவிட்டது. இது உங்களுக்கு ஆகாதுங்கப்பா, கொட்டிப்போடறேன் என்று சொல்லிக்கொண்டே துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கிவிட்டாள்.

“வெய்யி கண்ணு கீழ.”

அவள் சட்டியை இறக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

“காலைல ரயிலடில உம்பட ஊட்டுக்காரரு மீன் பேரம் பேசிட்டிருந்தாரு. நான் வண்டில உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஓட்டல்காரரு மீன் வரலீன்னு சொன்னாரு. நானும் செரீன்னு போட்டு, ஒண்ணும் திங்காம வந்தேன். பசிக்குது கண்ணு. எலையப் போடு.”

எனக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாம் தெரிந்து, வேறு எங்கேயும் சாப்பிடாமல், பசித்த வயிற்றோடுதான் மனிதர் வண்டியை இங்கே ஓட்டி வந்திருக்கிறார். மீன் குழைந்ததும் குழையாததும் அதற்கு அப்புறம் நடந்த விஷயம். அவளுக்கு இது என்னைவிட வெரசாகப் புரிந்துவிட்டது. சட்டியை இறக்கி வைத்தாள். இலையை விரித்துத் தண்ணீர் தெளிப்பதற்குள் அது இரண்டு தரம் கையிலிருந்து நழுவியது.

சோறு போட்டு அந்தக் கூழை ஊற்றினாள். ஓட்டலில் ஒரு துண்டத்துக்கு முன்னால் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அதே போல இதன் முன்னாலும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு பிசைந்தார். விரலுக்குத் தட்டுப்பட்ட முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் வைத்தார். முதல் வாயை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேர் சாப்பிடப் பார்த்திருக்கிறேன். நல்ல பொருளை ரசித்துச் சாப்பிட யாராலும் முடியும். பாழாய்ப்போன ஒன்றை அந்த மரியாதையோடு சாப்பிட்டவரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடு கண்ணு என்றார். மூன்றாம் தரமும் கேட்டார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதா, சோறு போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மண்ண வித்தது தப்புத்தானுங்க மாப்ள. அதுல மாத்தமில்லீங்க,” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “மாப்ள நின்னுட்டே இருக்காரு பாரு கண்ணு. பசிக்காதா? அவருக்கும் ஒரு எலையப் போடு,” என்றார்.

என் வீட்டில் எனக்கு இலை போடச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.